கார் கோளாறு: ஏற்காடு அடிவாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு சின்ன ஒர்க் ஷாப். மலையில் படுத்துவிட்டு உருண்டு இறங்கி வருகிற வண்டிக்கு முதலில் படுகிற ஸ்பேனர் பல நேரம் என்னுடையதாகத்தான் இருக்கும். நேரிலும் போனிலும் கேட்பது என்னவோ அதே இருபது சந்தேகம்தான். அதில் பாதி, வீட்டு வாசலில் லுங்கியோடு நின்றபடி தீர்த்துக்கொள்ளக் கூடியவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

காலையில சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருதுங்க. செல்ஃப் மோட்டார் போச்சா?

பெரும்பாலும் இல்லை, பேட்டரிதான். படபடவென்று டிக் டிக் டிக் என அடித்தால், மோட்டாரைச் சுற்றுகிற அளவுக்கு மின்சாரம் வரவில்லை என்று அர்த்தம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் அப்படியே இருந்து, ஒரே ஒரு 'டொக்' மட்டும் கேட்டால் அப்போது செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படலாம்.

பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து, பேட்டரியில் வயர் மாட்டுகிற முனையான டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அது சும்மா இரும்புப் பெட்டி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புதுப் பேட்டரி போட்டாலும் நாலு நாளில் இதே கதைதான். குளிரில் பேட்டரி சாகும் என்பார்கள். நம்ம சேலத்தில் அதைக் கொல்வது வெயில். மூன்று வருடம் தாண்டிவிட்டால் கோடைக்கு முன்பே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா? வெடிக்கும்னு பயமுறுத்துறாங்க.

பண்ணலாம், வரிசை முக்கியம். சிவப்பு வயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டிவிட்டு, கடைசி முனையை உங்கள் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் கவ்வ விடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், கடைசிப் பொறி அதற்கு அருகில் விழக் கூடாது. பயமுறுத்தியவர்கள் சொன்னது அதைத்தான். ஸ்டார்ட் ஆனதும் வயர்களைத் தலைகீழ் வரிசையில் எடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மறுநாளும் படுத்தால் மேலே சொன்ன மீட்டர் கணக்கைப் பாருங்கள்.

டிப் ஸ்டிக்ல ஆயில் கன்னங்கரேல்னு இருக்கு. உடனே மாத்தணுமா?

நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றினாலும் சீக்கிரமே கறுத்துவிடும். கரியைத் தனக்குள் இழுத்துவைப்பதும் அதன் வேலைதான். பார்க்க வேண்டியது அளவை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டு, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.

மாற்றுவது எப்போது என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது. பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்பவர்களும் வருடக் கணக்கையே பிடியுங்கள். ஆயில் கெட்டியாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு, புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடையே வாங்கி வாருங்கள்.

டயருக்கு எவ்வளவு காத்து வைக்கணும்? ஏற்காடு போறதுக்கு முன்னாடி குறைச்சுக்கணுமாமே?

டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள எண்தான் பதில். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைக்கச் சொல்லவில்லை. டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் பிடியுங்கள்.

மலைக்குக் குறைக்க வேண்டாம். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், சிப்ஸ் பாக்கெட் உப்புவது அதனால்தான். டயரிலும் மீட்டர் கிட்டத்தட்ட 2 பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். ஆனால் சேலத்து வெயிலில் 35 டிகிரியில் பிடித்த காற்று ஏற்காட்டில் 22 டிகிரிக்கு ஆறினால் ஏறக்குறைய அதே அளவு குறைந்தும் விடும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்.

ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருந்தா வீட்டு போர் தண்ணி ஊத்தலாமா?

நடுரோட்டில் மாட்டிக்கொண்டால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், இன்ஜின் ஆறிய பிறகு. ஆனால் அதையே பழக்கமாக்காதீர்கள். உங்கள் வீட்டுக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி, இல்லையென்றால் கலந்தே விற்கிற ரெடிமேட் கூலண்ட். நம்ம ஊரில் தண்ணீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருப் பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலை கூடவும்தான்.

பதினாலாவது வளைவுல டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிடுச்சு. அங்கேயே ஆஃப் பண்ணணுமா, மேலே போய்ச் சேர்ந்துடலாமா?

மொத்தமே இருபது கொண்டை ஊசி வளைவு, இன்னும் ஆறுதானே என்று கணக்குப் போட்டவர்கள்தான், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுகிற பெரிய வேலையை எனக்குக் கொடுத்தவர்கள். முள் ஏற ஆரம்பிக்கும்போதே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, ஜன்னலை இறக்குங்கள். ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. அப்படியும் சிவப்பைத் தொட்டால் வளைவைத் தாண்டி, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிகிற இடத்தில் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.

அப்புறம் அரை மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியின் பக்கமே கை போகக் கூடாது. ஏற்காடு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கும் மேலே சூடான நீரைக் கொதிக்காமல் அமுக்கி வைத்திருப்பது அந்த மூடிதான். திறந்தால் கொதிநீரும் ஆவியுமாகச் சீறி முகத்தில் அடிக்கும். ஆறின பிறகு துணி போட்டு மெல்லத் திருகி, அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு. நிறைவாக இருந்தால் ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இந்த மூன்றில் ஒன்று.

மலை ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது. இன்ஜின் வேலை வந்துடுச்சா?

சேலம் டவுன் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று அடர்த்தி குறைவு, டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி பத்துப் பன்னிரண்டு சதவீத இழுவையை அங்கேயே இழந்துவிடும். அதோடு ஐந்து பேர், லக்கேஜ், ஏ.சி. மூன்றாவது கியரில் திணறினால் இரண்டுக்கு வாருங்கள், இன்ஜின் சத்தம் போட்டால் போடட்டும். டவுனிலும் இழுக்கவில்லை என்றால்தான் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் பார்க்க வேண்டும். இன்ஜின் விர்ரென்று சுற்றுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

ஏறும்போதும் தீஞ்ச வாசனை, இறங்கும்போதும் தீஞ்ச வாசனை. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. ஏறும்போது வருவது கிளட்ச். வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பார்கள், அதன் பலன். ஏ.எம்.டி. வண்டிக்காரர்களுக்கும் இது பொருந்தும். உங்களுக்குப் பெடல்தான் இல்லை, உள்ளே கிளட்ச் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி மேட்டில் நிற்காதீர்கள்.

இறங்கும்போது வருவது பிரேக். போன மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு வெள்ளைக் கார் முன் சக்கரம் இரண்டிலும் புகையோடு என் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு பாட்டி, மடியில் காப்பித்தூள் பொட்டலம். "மிதிச்சா பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி உள்ள போகுதுண்ணே" என்றான் ஓட்டி வந்த தம்பி. சக்கரத்துக்கு ஒரு ஜாண் தள்ளிக் கையை வைத்தாலே அடுப்பங்கரைச் சூடு. ஸ்போக் இடுக்கில் டார்ச் அடித்தால் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான், கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும், வெடிக்கவும் கூடும். முக்கால் மணி நேரம் சும்மா நிற்க வைத்தோம். பாட்டி டீ குடித்தார். பெடல் தானாகவே பாதிக்கு மேல் திரும்ப வந்தது.

நடந்தது இதுதான். ஒன்றரை டன் வண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, நாற்பது ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜினுக்குப் பங்கு கொடுக்காமல் அத்தனையையும் பிரேக் தலையில் கட்டினால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் பிடிப்பை இழக்கும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வது இதற்குத்தான். இரண்டாவது கியர், வளைவுக்கு முன் ஒரு அழுத்து, பிறகு காலை எடுத்துவிடுவது. முழுக்கத் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது மேனுவல் மோடு இருக்கும், அதைப் போடுங்கள்.

பிரேக் ஆயிலை வீட்டிலேயே பார்க்க முடியுமா? குறைஞ்சா ஊத்திடலாம்ல?

பார்க்கலாம், பானெட்டுக்குள் வெள்ளை டப்பாவில் குறி இருக்கும். ஆனால் குறைந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். அது மூடிய குழாய், தானாக ஆவியாகாது. கொஞ்சமாகக் குறைந்தால் பேட் தேய்ந்திருக்கிறது, சட்டென்று குறைந்தால் ஒழுகுகிறது. பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் நான் மாற்றிவிடச் சொல்வேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 கிரேடு பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். அந்த வெள்ளைக் காரில் ஆயில் மாற்றி ஐந்து வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றுகிற வேலையை மட்டும் ஒர்க் ஷாப்பில் விடுங்கள், காற்று புகுந்தால் பெடல் வேலை செய்யாது.

இறங்கும்போது நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்தானே?

கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இப்போதுள்ள இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் முழுசாக நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். ஆக மிச்சமும் இல்லை, பிரேக்கும் வேகும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம்: பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும், சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் கட்டுப்பாடு இழந்த லாரிச் செய்திகளை எத்தனை முறை படித்திருப்போம்.

மேலே போனா கண்ணாடியில பனி மூடிக்குது. துடைச்சாலும் திரும்ப வருது.

விரலால் கோடு போட்டுப் பாருங்கள். உள்பக்கம் என்றால் உங்கள் மூச்சு ஈரம். ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். குளிர்கிறது என்றால் ஹீட்டரைக் கூட்டுங்கள், ஏ.சி. ஓடட்டும், ஈரத்தை எடுப்பது அதுதான். வெளிப்பக்கம் என்றால் கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது. வைப்பர் போட்டு, ஏ.சி. குளிரைக் குறையுங்கள்.

வண்டிக்கு அடியில சொட்டு சொட்டா ஒழுகுது. என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ராத்திரி ஒரு அட்டையை அடியில் விரித்து வையுங்கள். நிறமில்லாத, வாசனையில்லாத தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், நிம்மதியாகத் தூங்கலாம். பச்சையோ சிவப்போ, பிசுபிசுப்பாக இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலண்ட். கறுப்பு அல்லது பழுப்பில் வழுவழுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சக்கரத்துக்குப் பக்கத்தில் தெளிவான எண்ணெய்ப் பசை என்றால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், அன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாம்.

எலி வயரைக் கடிச்சிடுச்சு. புகையிலை வெச்சாச்சு, நாப்தலின் உருண்டை போட்டாச்சு, அடங்கலை.

என் அனுபவத்தில் வாசனை வைத்தியம் ஒரு வாரம் வேலை செய்யும், பிறகு எலி பழகிக்கொள்ளும். உருண்டை வாசனை ஏ.சி. வழியாக உங்களுக்குத்தான் வந்து சேரும். எலிக்கு வேண்டியது சூடும் ஒளிவிடமும் தீனியும். நம்ம ஊரில் மாம்பழ சீசன் வந்தால் கூடை கூடையாக டிக்கியில் ஏற்றிப் போவார்கள், வாசனை மாதக் கணக்கில் நிற்கும். ஒரு காரின் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே கிழிந்த பஞ்சு, வேர்க்கடலைத் தோல், நடுவில் சப்பிய மாங்கொட்டை. குடும்பமே நடத்தியிருக்கிறது.

டிக்கியைச் சுத்தமாக வையுங்கள். நாலு நாளைக்கு மேல் வண்டியை அசையாமல் போடாதீர்கள். ராத்திரி பானெட்டைத் தூக்கி வைத்தால் இருட்டும் சூடும் போய்விடும், எலி அவ்வளவாக அண்டாது. ஏர் இன்டேக் வாயில் கம்பி வலை கட்டலாம். கடித்த வயரை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், தீப்பிடிக்க அது போதும்.

டேஷ்போர்டுல மஞ்சளா இன்ஜின் படம் எரியுது. ஓட்டலாமா?

மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, சிவப்பு என்றால் இப்போதே நிறுத்து. மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்து, வண்டியும் சாதாரணமாக ஓடினால் ஒர்க் ஷாப் வரை ஓட்டி வரலாம். மின்னி மின்னி எரிந்தால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, மெதுவாக ஓரம் கட்டுங்கள். சிவப்பு எண்ணெய்க் குடுவை எரிந்தால் பத்து மீட்டர்கூடப் போகாதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்கிச் செருகினால், கோளாறைக் குறிக்கும் எண், அதாவது கோடு (code), போனிலேயே தெரியும். ஆனால் கோடு காட்டுவது எங்கே வலிக்கிறது என்பதை. எந்த பார்ட் போனது என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். சென்சார் என்று கோடு வந்ததும் சென்சார் வாங்கி வந்து மாட்டி, கடைசியில் எலி கடித்த வயர் என்று தெரிந்தவர்கள் உண்டு.

டீசல் பி.எஸ். 6 வண்டி. டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி வருது. ஆபீசுக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டுறேன்.

அதுதான் காரணம். சைலன்சரில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது, அதுதான் டி.பி.எஃப். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும். அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவில் ஊர்ந்தால் அந்தச் சூடு வராது. விளக்கு வந்ததும் ஓமலூர் பக்கம் நாலு வழிச் சாலையில், புத்தகம் சொல்கிற வேகத்தில் இருபது நிமிஷம் நிற்காமல் ஓட்டுங்கள். கூடவே இன்ஜின் விளக்கும் வந்துவிட்டால் ஓட்டிச் சரியாகாது. பாதியில் நின்ற சுத்தம் பலமுறை ஆனால் டீசல் ஆயிலில் கலந்து டிப் ஸ்டிக் அளவு கூடும், ஆயில் தானாகக் கூடினால் சந்தோஷப்படாதீர்கள்.

மழையில சுரங்கப் பாதைத் தண்ணியில வண்டி நின்னுடுச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அது காற்று மாதிரி நசுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே எடுத்து, பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றி, இழுத்துக்கொண்டு வாருங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நானே சாவியைத் தொடுவேன்.

ஆயில் மூடியைத் திறந்தா உள்ள பால் மாதிரி நுரை. ஹெட் கேஸ்கட் போச்சுன்னு சொல்லிட்டாங்க. ஒழுகலும் எங்கேயும் இல்லை.

ஹெட் கேஸ்கட் என்பது ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ஆயிலும் கூலண்ட்டும் கலக்காமல் அடைத்து வைக்கிற தகடு. பயப்படும் முன் வண்டி எங்கே ஓடுகிறது என்று சொல்லுங்கள். ஏற்காட்டில் எஸ்டேட்டுக்கும் கடைவீதிக்கும் மட்டும் இரண்டு கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றால், இன்ஜின் முழுச் சூடாவதே இல்லை. உள்ளே வேர்க்கும் ஈரம் மூடியில் ஆயிலோடு கலந்து வெண்ணெய் மாதிரி ஒட்டும். இந்தப் பனிக்காலத்து நுரைக்காக ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அடிவாரம் வரை ஒருமுறை இறங்கி ஏறினாலே போய்விடும்.

டிப் ஸ்டிக்கிலும் அதே பால் நிறம், சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, அடிக்கடி குறைகிற கூலண்ட் என எல்லாம் சேர்ந்து வந்தால்தான் கேஸ்கட். மேலே சொன்ன பதினாலாவது வளைவுக்காரர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீர, கூலண்ட் டப்பாவில் இப்போதுள்ள அளவில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். டேப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் வண்டியை எடுத்து வாருங்கள், டேப்பைப் பிய்க்காமல்.